நடுச்சுவருக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

பீல் நகரத்துத் தமிழரிடம் செசீலியா என்று சொன்னால் எந்தச் செசீலியா என்று கேட்பார்கள். சுவருக்குச் செத்தவீடு செய்த செசீலியா என்றால் போதும், மறுகேள்வி கிடையாது. சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சிரிக்கிறவர்களில் எத்தனை பேர் தாங்கள் வேலை செய்கிற இடத்தில் முறைத்துக்கொண்டு நின்ற நாலு பேரை ஒரு மேசையில் இருத்தியிருக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு யன்னலைப் பார்ப்பார்கள்.

செசீலியா பேசாலை என்ற கடற்கரை ஊர்ப் பெண். எண்பதுகளின் நடுவில் கணவன் அந்தோனிதாஸோடு இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தவள். முதலில் டாவோஸில் ஒரு பெரிய ஹோட்டலின் நிலக்கீழ்க் குசினியில் கோப்பை கழுவினாள். பனிமலையைப் பார்க்க உலகமெல்லாம் காசு கட்டி வருகிற ஊரில் அவள் பார்த்ததெல்லாம் நீராவிதான். விரல் இடுக்கெல்லாம் வெடித்துப்போய், இரவில் வாசலீன் பூசிக் கைக்குக் காலுறை போட்டுக்கொண்டு படுப்பாள். பிறகு அந்தோனிதாஸுக்கு பீலில் ஒரு ஹோட்டலில் சமையல் உதவியாள் வேலை கிடைத்தது. அவளுக்கு ஒரு பழைய கடிகாரத் தொழிற்சாலையின் அறக்கட்டளை நடத்திய நூலகத்தில் வேலை. திரும்பி வருகிற புத்தகங்களைத் தட்டில் அடுக்க வேண்டும், புதியவற்றுக்கு உறை போட வேண்டும். முதல் கிழமை முடிவில் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. காய்ந்த கையோடும் சம்பளம் வாங்கலாம் என்று அவளுக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை.

அந்த நூலகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பீல் இரண்டு மொழி பேசுகிற ஊர். அதனால் அந்தக் காலத்து முதலாளி ஒரே கூரையின் கீழ் இரண்டு நூலகம் கட்டினார். இடப்பக்கம் ஜெர்மன், வலப்பக்கம் பிரெஞ்சு, நடுவில் ஒரு சுவர். அதில் பேருக்குக்கூட ஒரு கதவு இல்லை. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகவேண்டுமென்றால் தெருவில் இறங்கி மற்றக் கதவால் ஏறவேண்டும். இடப்பக்கத்துக்குத் தலைவி பிரவ் ஸ்டுக்கி, வலப்பக்கத்துக்குத் தலைவர் மொசியு மத்தே; பிரவ் என்றால் ஜெர்மனில் அம்மா, மொசியு என்றால் பிரெஞ்சில் ஐயா. ஒவ்வொருவருக்கும் கீழே இரண்டு பேர். ஜெர்மன் பக்கத்தில் வாய் நீண்டவள் வெரேனா, பிரெஞ்சுப் பக்கத்தில் சொலான்ஜ். மற்ற இருவரும் இவர்கள் பின்னால் தலையாட்டுகிறவர்கள். செசீலியா மட்டும் காலையில் அங்கே ஐம்பது வீதம், மத்தியானத்துக்குப் பிறகு இங்கே ஐம்பது வீதம். இந்த நாட்டில் பாலில் கொழுப்பைச் சொல்லுவது போல வேலையையும் வீதத்தில்தான் சொல்லுவார்கள், முழுநேரம் என்றால் நூறு வீதம்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அறக்கட்டளைக்கு ஏஷ்லிமான் என்று ஒரு புதிய நிர்வாகி வந்தார். வந்த கையோடு சுவரை இடித்தார். ஒரு நூலகத்துக்கு இரண்டு தலைவர் எதற்கு என்று ஸ்டுக்கியையும் மத்தேயையும் ஆளுக்கொரு பூங்கொத்துக் கொடுத்து ஓய்வுக்கு அனுப்பினார். மற்ற நாலு பேரையும் அறுபது வீதமாக நறுக்கினார். செசீலியாவின் இரண்டு ஐம்பதும் ஒன்றுசேர்ந்து நூறாகிவிட்டன. யாரும் நினைத்துச் செய்ததல்ல, வெறும் கூட்டல். ஆனால் அறக்கட்டளையின் விதிப்படி நூலகத் தலைவர் நூறு வீதம் வேலை செய்பவராக இருக்கவேண்டும். ஏஷ்லிமான் தேடிப் பார்த்தார். அந்தக் கட்டடத்தில் நூறு வீதம் ஒருத்திதான் இருந்தாள்.

"நீங்கள்தான் இனித் தலைவி," என்றார்.

"நானோ?" என்றாள் செசீலியா. தமிழிலேயே கேட்டுவிட்டாள். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள்தான் கூத்துத் தொடங்கியது. சுவர் இருந்த இடத்தில் நிலத்தில் ஒரு சாண் அகலத்தில் சீமெந்துக் கீற்று ஒன்று மிஞ்சியிருந்தது. அதை ஒருவரும் தாண்டவில்லை. சொலான்ஜுக்கு வெரேனாவின் மேசையில் இருந்த பசை வேண்டும். கையை நீட்டினால் எட்டும். சொலான்ஜ் எழும்பினாள், கோட்டைப் போட்டாள், கழுத்துத்துணியைச் சுற்றினாள், தெருவில் இறங்கினாள், மற்றக் கதவால் ஏறி வந்து வணக்கம் சொல்லிப் பசையை வாங்கிக்கொண்டு வந்த வழியே திரும்பினாள். வெளியே மழை. செசீலியா வாயைத் திறந்தபடி நின்றாள். போகப் போகப் பனி கொட்டியது, அப்போதும் அதே நடைதான். அவசரம் என்றால் வெரேனா சொலான்ஜுக்குத் தொலைபேசி எடுப்பாள். இரண்டு பேரும் ஒருவர் மூச்சு மற்றவருக்குக் கேட்கிற தூரத்தில், முகத்தை ஆளுக்கொரு பக்கம் திருப்பிக்கொண்டு, வாங்குப் பலகையில் காத்திருக்கிற நாலு வாசகர் பார்க்கப் பார்க்கத் தொலைபேசியில் கதைப்பார்கள். வாசகர்களும் லேசுப்பட்டவர்களா? நெடுநாள் வாசகர் ஒருவர் அந்தக் கீற்று வரை வந்து, நெற்றி இடித்தது போல நின்று, திரும்பித் தெருவழியே போனார்.

ஏஷ்லிமான் செசீலியாவை ஒரு பயிற்சிக்கு அனுப்பினார். அங்கே ஒரு மனிதர் பலகையில் வட்டம் வட்டமாகக் கீறி, ஒரு மென்பந்தைக் கொடுத்து, இதை ஒருவருக்கொருவர் எறிந்து பிடித்தால் பணியாளர்களிடம் நம்பிக்கை வளரும் என்றார். செசீலியா பந்தோடு வந்து வெரேனாவுக்கு எறிந்தாள். வெரேனா பிடித்தாள். உற்றுப் பார்த்தாள். கொண்டுபோய், தொலைந்த பொருட்கள் வைக்கிற அலுமாரியில் வைத்துப் பூட்டினாள்.

வசந்தம் முடிகிறபோது ஏஷ்லிமான் பொறுமை இழந்துவிட்டார். ஜூன் மாதக் கடைசித் திங்கள் நான் வந்து பார்ப்பேன், ஒரே நூலகமாக நடந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் மூடிவிட்டு மண்டபத்தை உடற்பயிற்சி நிலையத்துக்குக் கொடுப்பேன் என்றார். அவர் சொன்னால் செய்கிற ஆள், இடித்தே காட்டியவர். மூடினால் மற்றவர்களுக்கு இந்த ஊரில் வேறு நூலகம் கிடைக்கும், மொழி இருக்கிறது, பட்டம் இருக்கிறது. செசீலியாவுக்குக் கிடைக்கக்கூடியது குசினிதான். அன்றைக்கு வீட்டில் பாத்திரம் கழுவி முடித்ததும் கையைத் துணியில் இரண்டு தரம் துடைத்தாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள் அந்தோனிதாஸிடம். "அங்கை ஒருத்தரும் அழேல்லை."

"ஆர் அழவேணும்?"

"செத்தால் அழவேணும் எல்லோ. ரெண்டு தலைவரையும் ஒரு சுவரையும் ஒரே கிழமையிலை சாகடிச்சுப்போட்டாங்கள். ஒரு மெழுகுதிரி இல்லை, ஒரு மணி இல்லை, ஒருத்தரும் வந்து பக்கத்திலை இருக்கேல்லை. அடுத்த நாள் காலமை வழமைபோலக் கதவைத் திறந்தாச்சு. பிறகு அதுகள் சண்டை பிடிக்காமல் வேறை என்ன செய்யும்?"

"அதுக்கு?"

"செத்தவீடு ஒண்டு செய்யப்போறன்."

அந்தோனிதாஸ் அவள் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். சுடவில்லை.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது? நம்முடைய ஆட்களில் வேலிச் சண்டையில் வருடக்கணக்காக முகம் பார்க்காத இரண்டு வீடு இருக்கும். ஒரு வீட்டில் ஒரு சாவு விழட்டும், மற்ற வீட்டுக்காரன் கூப்பிடாமலே வந்து கதிரை தூக்குவான், அவன் பெண்சாதி தேத்தண்ணி ஊற்றுவாள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பதால் சமைத்தும் கொண்டுவருவார்கள். சண்டை அன்றைக்கே தீர்ந்துவிடாது. ஆனால் அந்தத் தேத்தண்ணியைக் குடித்த பிறகு பழைய முறைப்பைப் பழையபடி முறைக்க முடியாது. செசீலியாவுக்கு இதைத் தவிர வேறு நிர்வாகம் தெரியாது.

செத்தவீடு என்றால் முதல் வேலை அறிவித்தல். ரயில் நிலையத்துக்குப் பின்னால் தமிழ்க்கடை வைத்திருந்த தவச்செல்வன் கறிவேப்பிலையும் தொலைபேசி அட்டையும் விற்பதோடு கணினியில் கண்ணீர் அஞ்சலித் துண்டுப்பிரசுரமும் அடித்துக் கொடுப்பான்.

"ஆர் அக்கா, ஊரிலையோ?" என்று கேட்டான்.

"இல்லை, இஞ்சைதான்."

"பேர்?"

"நடுச்சுவர்."

தவச்செல்வன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டான். "வயசு?"

"அறுபத்தைஞ்சு."

"வருத்தமாப் படுக்கையிலை கிடந்தவரோ?"

"இல்லை, இடிச்சது."

"ஐயோ," என்றான். எல்லா வாடிக்கையாளருக்கும் அந்த இடத்தில் அவன் ஐயோ சொல்லுவது வழக்கம்.

சுவரின் படம் என்று செசீலியாவிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஏதோ ஒரு ஆண்டுவிழாவில் தெருவிலிருந்து முன்கண்ணாடி வழியே எடுத்தது. நடுவில் சுவர், ஒரு கரையில் பிரவ் ஸ்டுக்கி, மறுகரையில் மொசியு மத்தே, இருவரும் கைகட்டி நின்றார்கள். அதைக் கொடுத்தாள். பீல் நகரைப் பிறப்பிடமாகவும் நூலகத்தையே வதிவிடமாகவும் கொண்டிருந்த நடுச்சுவர் என்று முறைப்படி எழுதி, அதைத் தனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் தானே மொழிபெயர்த்துக் கொடுத்தாள். மலர்வு, உதிர்வு என்று இரண்டு திகதி, சனிக்கிழமை பின்னேரம் நினைவுகூரல், அனைவரும் வருக.

தவச்செல்வன் கணினியில் அஞ்சலிக்கென்று ஒரே அச்சுத்தான் வைத்திருந்தான். மேலே இரண்டு குத்துவிளக்கு, நடுவில் முட்டை வடிவச் சட்டம், சுற்றிவரப் பூ. முட்டைச் சட்டத்துக்குள் சுவர் அடங்கவில்லை. வெட்டி எறிந்துவிட்டான். தலை இரண்டு இருந்தபடியால் சட்டத்தையும் இரண்டாக்கி ஸ்டுக்கியை ஒன்றிலும் மத்தேயை மற்றதிலும் வைத்தான். படம் பெரிதாக வந்ததால் எழுத்துச் சிறுத்துப்போயிற்று. துண்டுப்பிரசுரக் கட்டை வாங்கிய அந்தோனிதாஸ், அடுத்த நாள் சனிக்கிழமை விடிய வேலைக்குப் போகிற வழியில் நூலகத்தின் இரண்டு கதவிலும், பேருந்துத் தரிப்பிலும், பேக்கரிச் சுவரிலும் ஒன்றுவிடாமல் ஒட்டினார். படத்தைப் பார்க்கவில்லையா என்று பிறகு கேட்டதற்கு, "பாத்தனான், நல்ல வடிவாத்தானே இருந்தது" என்றார். என்ன செய்வது அந்த மனுசனை.

ஊரில் ஒருவரும் படத்துக்குக் கீழே வாசிக்கவில்லை. பேக்கரிக்காரி உடனே பிரவ் ஸ்டுக்கிக்குத் தொலைபேசி எடுத்து, மத்தேயும் நீங்களும் இறந்துவிட்டதாக ஒட்டியிருக்கிறதே என்றாள். பிரவ் ஸ்டுக்கி யோசித்தார். நான் இப்போதுதான் உருளைக்கிழங்கை அடுப்பில் வைத்தேன், ஆகவே நான் சாகவில்லை. அப்படியென்றால் செத்தது மத்தே. என் படத்தைத் தவறுதலாகப் போட்டுவிட்டார்கள். அடுப்பை அணைத்துவிட்டுப் பூக்கடைக்கு ஓடினார். ஊரின் மறு கோடியில் மொசியு மத்தேக்கும் யாரோ சொன்னார்கள். அவரும் தன் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு அதே முடிவுக்கு வந்தார். படித்த மனிதர்கள் அல்லவா, ஒரே மாதிரித்தான் யோசித்தார்கள்.

அன்று காலையில் கதவில் படத்தைப் பார்த்த செசீலியா கிழிக்கக் கையை வைத்து, பிறகு எடுத்துவிட்டாள். கிழித்து என்ன பயன், ஊரெல்லாம் ஒட்டியாயிற்று. சீமெந்துக் கீற்றின் மேல் மேசையைப் போட்டு, வெள்ளைத்துணி விரித்து, மெழுகுதிரி கொளுத்தி, வடைத் தட்டையும் தேத்தண்ணிப் போத்தல்களையும் வைத்துவிட்டு, வருவது வரட்டும் என்று புனித அந்தோனியாரை வேண்டிக்கொண்டு நின்றாள். வெரேனா ஆட்கள் இடக்கதவால் கறுப்பு உடுத்து வந்தார்கள். சொலான்ஜ் ஆட்கள் வலக்கதவால் கறுப்பு உடுத்து வந்தார்கள். பின்னால் வாசகர்கள் பூவோடு வந்து நிறைந்தார்கள். யார் செத்தது என்று கேட்பது மரியாதையில்லை என்று எல்லாரும் பேசாமல் நின்றார்கள்.

அப்போது இடக்கதவால் பிரவ் ஸ்டுக்கி நுழைந்தார், கையில் மத்தே என்று நாடா கட்டிய மலர்வளையம். வலக்கதவால் மொசியு மத்தே நுழைந்தார், கையில் ஸ்டுக்கி என்று நாடா கட்டிய மலர்வளையம். மண்டபத்தின் இரண்டு கோடியிலிருந்தும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இருபது வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் இப்படி நேருக்கு நேர் பார்த்ததில்லை, நடுவில் சுவர் இருந்ததே.

"நீங்கள் சாகவில்லையா?" என்றார் பிரவ் ஸ்டுக்கி.

"மன்னிக்க வேண்டும் அம்மா, இல்லை," என்றார் மத்தே. பிறகு இரண்டு வளையத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்களுடையது என்னுடையதை விடப் பெரியது."

பிரவ் ஸ்டுக்கி வளையத்தைக் கதிரையில் வைத்தார். நேரே நடந்து, கீற்றை மிதித்து, மேசையைச் சுற்றி, மறுபக்கம் போய் அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். தாண்டியது அவருக்கே தெரியாது. அதைப் பார்த்து வெரேனா ஓவென்று அழத் தொடங்கினாள். சொலான்ஜ் தன் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு, கோட்டும் போடாமல், நேர்வழியே வந்து அவளிடம் கொடுத்தாள். கொடுத்துவிட்டுத் தானும் அழுதாள். செசீலியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டையும் செய்தாள்.

பிறகு தேத்தண்ணி. செத்தது சுவர்தான் என்று செசீலியா இரண்டு மொழியிலும் விளங்கப்படுத்தியபோது ஒருவரும் சிரிக்கவில்லை. எங்களுக்குத் தெரியும் என்பது போலத் தலையசைத்தார்கள். ஆளுக்கொரு கதை சொன்னார்கள். பின்னேரங்களில் பிரவ் ஸ்டுக்கி மெல்லப் பாடுவது சுவர் வழியே கேட்கும், அதற்காகவே என் மேசையை ஒட்டிப் போட்டிருந்தேன் என்றார் மத்தே. சாவு வீட்டில் அயலவர்தான் எல்லா வேலையும் பார்ப்பார்கள் என்று செசீலியா சொன்னதை இருவரும் கவனமாகக் கேட்டார்கள்.

வெரேனாவும் கேட்டாள். கேட்டவள் பணியாளர் விதிநூலை எடுத்து வந்தாள். சொலான்ஜும் அவளும் தலையோடு தலை முட்டக் குனிந்து வாசித்தார்கள். துக்கத்துக்கு விடுப்பு உண்டு என்று அதில் இருந்தது. இன்னாருடைய துக்கம் என்று இல்லை. இரண்டு பக்கமும் சேர்ந்து எடுத்த முதல் முடிவு அதுதான்.

"திங்கட்கிழமை ஏஷ்லிமான் வருகிறாரே," என்றாள் செசீலியா.

"துக்கம் துக்கம்தானே," என்றாள் வெரேனா. சொலான்ஜ் ஆம் என்றாள்.

சாவை ஊருக்கெல்லாம் அறிவித்தவளே விடுப்பை மறுப்பது எப்படி? சரி என்று விட்டாள்.

திங்கள் காலை செசீலியா தனியாகக் கதவைத் திறந்தாள். சற்று நேரத்தில் பிரவ் ஸ்டுக்கி வந்தார், பின்னாலேயே மத்தே. அயலவர் என்ற முறையில் உதவிக்கு வந்தோம் என்றார்கள். மூன்று பேருமாக ஒரே மேசையிலிருந்து இரண்டு மொழிக்கும் புத்தகம் கொடுத்தார்கள். ஏஷ்லிமான் கறுப்புக் கழுத்துப்பட்டியோடு வந்தார். தான் ஓய்வுக்கு அனுப்பிய இரண்டு பேரும் செத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுச் சனி ஞாயிறு நித்திரை கொள்ளாத முகம். செத்தவர்கள் இருவரும் அவருக்குக் காலை வணக்கம் சொன்னார்கள். செசீலியா ஓடிப்போய்க் கதிரை போட்டுத் தண்ணீர் கொடுத்தாள்.

தண்ணீர் உள்ளே போனதும் மனிதருக்கு நிர்வாகம் திரும்பி வந்துவிட்டது. சுற்றிப் பார்த்தார். ஒரே மேசை, ஒரே வரிசை, நிற்கிறவர்கள் தெருவில் இறங்காமல் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகிறார்கள். முகம் மலர்ந்தது.

"அருமை. ஒரே நூலகம். அதுவும் ஒரே ஒரு சம்பளத்தில்," என்றார். "விடுப்பில் இருக்கிற நாலு பேரும் இனி வரத் தேவையில்லை. நீங்கள் நூறு வீதம், நிரந்தரத் தலைவி. இன்றைக்கே கையெழுத்து வைக்கிறேன்."

இவ்வளவு காலமும் செசீலியா இராப்பகலாக வேண்டியது இதைத்தானே. தலையை ஆட்டினால் போதும், வாழ்நாள் முழுக்கக் கை காய்ந்திருக்கும். அவள் கோட் மாட்டியில் தொங்கிய சொலான்ஜின் கறுப்புக் கழுத்துத்துணியைப் பார்த்தாள். சொலான்ஜ் அதைச் சனிக்கிழமை அழுத அழுகையில் மறந்து விட்டுவிட்டுப் போயிருந்தாள். பாவிகள், நிம்மதியாக வீட்டில் துக்கம் கொண்டாடிக்கொண்டிருப்பார்கள்.

செசீலியா நூலகச் சாவிகள் கோத்த திறப்புக்கோர்வையை எடுத்து ஏஷ்லிமானின் முன்னால் வைத்தாள்.

"நானும் துக்கத்தில்தான் இருக்கிறேன்," என்றாள். "எங்கள் வழக்கத்தில் துக்கவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை."

வெளியே போனாள். பிரவ் ஸ்டுக்கியும் மொசியு மத்தேயும் ஒரே கதவால் அவள் பின்னால் போனார்கள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். அந்தோனிதாஸ் கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார். "உமக்கு விசரோ? அவையளுக்கு மொழி இருக்கு, வேறை வேலை எடுப்பினம். உமக்கு என்ன இருக்கு?" என்றார். அவள் சோற்றைப் போட்டு அவர் முன்னால் வைத்தாள்.

பின்னேரம் தொலைபேசி அடித்தது. ஏஷ்லிமான். பகல் முழுக்கத் தனியாக இருந்திருக்கிறார். ஒரு அம்மா தன்னைப் பிரெஞ்சில் திட்டியதாகவும், அவரிடம் போவதற்குத் தான் தெருவில் இறங்கி மற்றக் கதவால் ஏறியதாகவும் சொன்னார்.

"ஏன் அப்படிப் போனீர்கள்?"

"தெரியவில்லை," என்றார். "நாலு பேரும் வரட்டும். நூலகத்தை மூடவில்லை. ஆனால் நான் மேலிடத்தில் ஏதாவது குறைத்துக் காட்டியே ஆகவேண்டும். யாருடையதையாவது வெட்ட வேண்டும்."

"என்னுடைய நூறிலிருந்து முப்பதை வெட்டுங்கள்," என்றாள்.

"நூறு இல்லாவிட்டால் விதிப்படி நீங்கள் தலைவி இல்லையே."

"ஓம்."

"அப்படியென்றால் அங்கே தலைவர் என்று ஒருவரும் இருக்கமாட்டார். ஏதாவது ஒன்றென்றால் நான் யாருக்குத் தொலைபேசி எடுப்பது?"

"எனக்குத்தான் எடுக்கவேண்டும்," என்றாள் செசீலியா. அவர் யோசித்துப் பார்த்துவிட்டுச் சரி என்றார். அதற்குப் பிறகு அவர் ஓய்வு பெறும்வரை அவளுக்குத்தான் எடுத்தார்.

அவள் தொலைபேசியை வைத்தாள். அந்தோனிதாஸ் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எல்லாருக்கும் வேலை இருக்கு," என்றாள். "எனக்கு எழுபது வீதம்."

"எழுபது வீடு நடத்தக் காணுமே?"

"காணாது." கைகளை மடியில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "இஞ்சாருங்கோ, உங்கடை ஹோட்டல்லை சனி ஞாயிறிலை கோப்பை கழுவ ஆள் தேடினவை எல்லோ," என்றாள். "ஆள் கிடைச்சிட்டுதோ எண்டு நாளைக்கு ஒருக்காக் கேளுங்கோ."